மூன்றாம் தொட்டிக் குஞ்சுகள்

ஏரிக்கரை ஆய்வு நிலையத்தில் மீன் நோய்ப் பிரிவை நடத்தி வந்தவளுக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று இருந்தது. அது கதவில் மாட்டிய பலகையோடு சரி. கரையில் இருப்பவர்கள் அவளைச் செவுளக்கா என்றுதான் சொன்னார்கள். யார் என்ன மீனைக் கொண்டு போனாலும், வந்தவரை நலம் விசாரிப்பதற்கு முன்னால் மீனின் செவுள் மூடியைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்துவிடுவாள். விருந்துக்குப் போன இடத்தில் தட்டில் வைத்த மீனின் தலையைக்கூடத் திருப்பிப் பார்த்தாள் என்று ஒரு கதை உண்டு. அவள் அதை மறுத்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஆய்வகத்தின் பின்வாசல் திறந்த கையோடு படகுக்காரி வந்து நின்றாள். ஏரியில் சொந்தப் படகு வைத்து மீன் பிடிக்கும் ஐந்தாறு பெண்களில் இவள்தான் பேச்சுக்காரி. அன்று பேச்சு குறைவாக இருந்தது. பனிக்கட்டி நிரப்பிய பையிலிருந்து நான்கு கெண்டைகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

“நேத்து எட்டு. இன்னிக்கு முப்பதுக்கு மேல மிதக்குது. கெண்டை மட்டும்தான்க்கா. மத்த மீனெல்லாம் நல்லாதான் ஓடுது.”

செவுளக்கா முதல் மீனின் செவுளைத் திறந்தாள். நல்ல மீனுக்கு அது ஈரச் சிவப்பாக, சீப்புப் பற்களைப் போல ஒழுங்காக இருக்கும். இதில் பாதி வெளுத்துச் சாம்பல் பூத்து, ஓரம் நைந்து, ஊறிய காகிதம் மாதிரி விரலோடு வந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. தோலைத் தடவினால் உப்புத்தாளைத் தொட்டது போலச் சொரசொரத்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எல்லாம் அப்படியே. கெண்டையை மட்டும் தாக்கும் ஒரு வைரஸ் உண்டு. தண்ணீர் வெதுவெதுப்பாகும் வரை மீனுக்குள் சத்தம் போடாமல் படுத்திருக்கும். சூடு ஏறியதும் செவுளிலிருந்து ஆரம்பிக்கும். பத்தொன்பது வருடங்களாக அதைப் பற்றிப் படித்திருந்தாள், மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தாள். தன் ஏரியில் பார்த்ததில்லை.

வலையையும் படகையும் இங்கேயே மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டுப் போகச் சொன்னாள். வேறு எந்தத் தண்ணீருக்கும் அவற்றைக் கொண்டு போகக் கூடாது என்றாள். படகுக்காரி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வலையை இறக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமைக்குள் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தக் கரையில் எல்லாம் கெண்டை ஒதுங்கிக் கிடந்தது. முழங்கை நீள மீன்கள், குழந்தையைப் போலத் தூக்க வேண்டிய மீன்கள். நிலையத்து ஆட்களும் மீனவர்களும் கையுறை போட்டு அள்ளினார்கள். அள்ள அள்ள வந்தது. ஏரி நடுவில் மூழ்கியதை யாராலும் எடுக்க முடியவில்லை. அது அடியில் அழுகியது. அழுகியது தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைத் தின்றது. பத்தாம் நாள் காலை அவள் படகில் போய் ஆக்சிஜன் அளவு மானியை இறக்கியபோது, அடித்தண்ணீரில் ஒரு மீனும் உயிர் தரிக்க முடியாத எண் வந்தது. நோயே இல்லாத சின்ன மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஆழமற்ற இடத்தில் சிப்பிகள் வாய் திறந்து கிடந்தன, உள்ளே சதை வெளுத்து. ஒரு சிப்பி ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீருக்கு மேல் வடிகட்டித் தரும். அப்படிப் பல்லாயிரம் சிப்பிகள் செத்ததும் தண்ணீர் கலங்கிப் பச்சையேறியது. ஊருக்குக் குடிநீர் ஏற்றும் பம்பை நிறுத்தினார்கள். சன்னலை மூடி வைத்தாலும் நாற்றம் சாப்பாட்டில் வந்து உட்கார்ந்தது.

வைரஸ்தான் என்று சோதனை முதல் நாளே சொல்லிவிட்டது. எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

நிலையத்தின் இயக்குநர் பதில் வைத்திருந்தார். அவர் கெட்டவர் அல்ல, ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி இருந்தவர், அவ்வளவுதான். கூட்டத்தில் அவர் நீர்ப்பறவைகளைச் சொன்னார். யாரோ வீட்டுத் தொட்டியில் வளர்த்த அலங்காரக் கெண்டையைக் கொண்டுவந்து ஏரியில் விட்டிருக்கலாம் என்றார். இரண்டும் நடக்கக் கூடியதுதான், அதனால் யாரும் மறுக்கவில்லை. மேலிடத்திலிருந்து குழு வருவதற்குள் ஒரு வரைவு தயாராக வேண்டும், நோய்ப் பிரிவு அதை எழுத வேண்டும் என்று முடித்தார். எழுந்து போகும்போது, பழைய மாதிரிகளை விதிப்படி இரண்டு வருடம்தான் வைக்க வேண்டும், உறைபெட்டியில் இடம் இல்லாமல் இருக்கிறது, நேரம் கிடைத்தால் ஒழித்துவிடலாமே என்று போகிற போக்கில் சொன்னார். அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, தற்செயலா என்று அவளுக்கு விளங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் உறைபெட்டி இருந்த பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

ஏனென்றால் உறைபெட்டியின் கடைசித் தட்டில், மூலையில், நீல மூடி போட்ட ஒரு பெட்டி இருந்தது. அதில் அறுபது சிறு குழாய்கள். ஒவ்வொன்றிலும் அரிசி அளவு செவுள் துண்டு. மேலே சீட்டு: மூன்றாம் தொட்டி, இரண்டாம் முறை.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய கதை அது. ஏரியின் சொந்தக் கெண்டை ஒரு காலத்தில் அற்றுப்போகும் நிலைக்கு வந்திருந்தது. கடைசியாகக் கிடைத்த சிலவற்றைப் பிடித்து, தொட்டியில் வைத்து, பொரிக்க வைத்து, பதினாலு வருடம் பாடுபட்டு ஒரு தாய்மீன் கூட்டத்தை உருவாக்கியவன் அவளுடைய தம்பி. நிலையத்தின் குஞ்சு பொரிப்பகம் அவன் பொறுப்பு. ஆண்டுதோறும் விரல் நீளக் குஞ்சுகளை ஏரியில் விடுவார்கள். விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு சோதனை. முதல் சோதனை முடிந்ததும் குஞ்சுகளை மூன்று வாரம் வெதுவெதுப்பான தண்ணீரில் தனியாக வைக்க வேண்டும். நோய் பதுங்கியிருந்தால் சூட்டில் தலை காட்டும். அதன்பின் இரண்டாம் சோதனை. இரண்டும் சரியாக இருந்தால்தான் நோய்ப் பிரிவு நற்சான்று தரும்.

அந்த வருடம், இரண்டாம் சோதனை நடக்க வேண்டிய வாரத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அக்கா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். நிலையத்தில் உதவியாளர் செவுள் மாதிரிகளை எடுத்துக் குழாய்களில் போட்டு வைத்துவிட்டு, மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். குஞ்சு விடும் விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, பெரிய இடத்து விருந்தாளிகள் வருகிறார்கள். அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குத் தம்பி நற்சான்றுக் காகிதத்தோடு வந்தான். ஒன்றாம் தொட்டியும் இரண்டாம் தொட்டியும் இரண்டு தடவையும் சுத்தம், மூன்றாவதும் முதல் தடவை சுத்தம், தொட்டியில் கூட்டம் அதிகம், இனியும் வைத்திருந்தால் நெரிசலிலேயே குஞ்சு செத்துவிடும் என்றான். அவள் அறுவைச் சிகிச்சை அறையின் கதவையே பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அது அவசரத்தில் நடந்தது. அதற்கு அவள் தன்னையே மன்னித்திருப்பாள். மன்னிக்க முடியாதது பிறகு நடந்தது. வேலைக்குத் திரும்பிய அன்று அந்தப் பெட்டி அவள் கண்ணில் பட்டது. அரை நாள் வேலை. சோதித்திருக்கலாம். குஞ்சுகளை விட்டாகிவிட்டது, இனிமேல் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அதைத் தூக்கிக் கடைசித் தட்டில் வைத்தாள். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, திறந்து பார்க்கவும் மனம் வரவில்லை. முதல் வருடம் நல்ல மழை. ஏரி நிரம்பிக் குளிர்ந்து கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இந்த வருடம்தான் தண்ணீர் வற்றிச் சூடேறி, மீனெல்லாம் முட்டையிட ஒரே இடத்தில் நெருக்கியடித்தது.

நான்கு நாள் அவள் உறைபெட்டிப் பக்கமே போகவில்லை. வரைவில் பறவைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள். எழுதியது இலக்கணமாகவே இருந்தது. ஐந்தாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எழுந்து பொரிப்பகத்துக்கு நடந்தாள்.

தாய்மீன் கூடத்தில் எப்போதும் மழை பெய்வது போலத் தண்ணீர் விழும் சத்தம். தம்பி கடைசித் தொட்டியருகே தீனி வாளியோடு நின்றான். அவன் நிழல் பட்டதும் மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாயைத் தூக்கின.

“நான் அதைப் போட்டுப் பாக்கப் போறேன்,” என்றாள் அக்கா.

“எதை?”

“மூணாம் தொட்டி. ரெண்டாவது தடவை எடுத்தது. அப்படியே இருக்கு.”

அவன் கை ஒரு கணம் வாளிக்குள்ளேயே நின்றது. பிறகு மீண்டும் தீனியைத் தூவினான். “இவ்வளவு நாளும் வச்சிருந்தியா?”

“வச்சிருந்தேன்.”

“இருந்துச்சுன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்க்கா. இங்க இருக்கிற இருநூத்திப் பன்னெண்டு தாய்மீனையும் அழிக்கச் சொல்லிடுவாங்க. ஏரியில இந்தச் சாதி செத்துக்கிட்டே இருக்கு. இங்க இருக்கிறதையும் கொன்னுட்டா, அப்புறம் எதைக் காப்பாத்தப் போறோம்?”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதை அவளும் நான்கு நாளாகத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்திருந்தாள்.

“அடுத்த வருஷம் மூணு ஏரிக்குக் குஞ்சு கேட்டிருக்காங்க,” என்றாள். “நீதான் அனுப்பப் போற. நான்தான் கையெழுத்துப் போடணும்.”

அவன் வாளியைக் கீழே வைத்தான். சட்டையில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

“ஆஸ்பத்திரிக்கு அந்தக் காகிதத்த எடுத்துட்டு வந்தவன் நான்.”

“போட்டது என் கை.”

“பேனா நான் குடுத்தது,” என்றான். வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டான். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் காலை ஆய்வகக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். அறுபது துண்டுகளையும் ஐந்தைந்தாகச் சேர்த்துப் பன்னிரண்டு குழாய் ஆக்கினாள். அரைத்து, சுழற்றி, வடித்து, கருவியில் வைத்தபோது மணி ஒன்றரை ஆகியிருந்தது. கணினித் திரையில் பன்னிரண்டு கோடுகள் தரையோடு தரையாக ஓட ஆரம்பித்தன. கருவி சுற்றுச் சுற்றாக மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும், வைரஸ் இருந்தால் கோடு தரையை விட்டு எழும்பும். இல்லையென்றால் கடைசிவரை படுத்தே போகும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். இருபதாவது சுற்றுவரை எல்லாம் படுத்திருந்தன. இருபத்தெட்டில் நான்காவது கோடு லேசாகத் தலை தூக்கியது. முப்பதில் ஒன்பதாவதும் எழுந்தது. மற்ற பத்தும் அசையவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, கையுறையை மாற்றிக்கொண்டு, அந்த இரண்டு குழாய்களையும் முதலிலிருந்து மறுபடியும் செய்தாள். மறுபடியும் எழும்பின.

வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு இரண்டையும், ஏரியில் செத்த மீனின் மாதிரியோடு சேர்த்து அனுப்பினாள். எட்டு நாளில் பதில் வந்தது. தொட்டியில் இருந்ததும் ஏரியில் கொன்றதும் ஒரே வைரஸ், மரபணு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது.

அறிக்கையை மூன்று பக்கத்தில் முடித்தாள். பறவைப் பத்தியை எடுத்துவிட்டாள். இரண்டாம் சோதனை நடக்கவில்லை, அதற்கு முன்பே நற்சான்றில் நான் கையெழுத்திட்டேன், பிறகு வாய்ப்பு இருந்தும் மாதிரிகளைச் சோதிக்கவில்லை என்று வரிசையாக எழுதினாள். அம்மாவின் இடுப்பை எழுதவில்லை. தம்பி வந்ததையும் எழுதவில்லை.

இயக்குநர் அதை ஒரு தடவை வேகமாகவும் ஒரு தடவை நிதானமாகவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“உங்க தம்பி பேரு இதுல இல்லையே?”

“சான்று கொடுக்கிற பொறுப்பு என்னுதுங்க.”

அன்றைக்கு அவர் அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அவள் வெளியே வந்து, இது இழுப்பறையிலேயே கிடந்து செத்துப்போகும் என்று நினைத்தாள். அப்படி ஆனால் என்ன செய்வது என்று வீடு போகும் வழியெல்லாம் யோசித்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கூப்பிட்டனுப்பினார். மூன்றாம் பக்கத்தின் கீழே தன் கையெழுத்தில் இரண்டு வரி சேர்த்திருந்தார்: விழாத் தேதியைக் குறித்தவன் நான். சோதனை முடியும்வரை தள்ளிப்போட வேண்டும் என்று நோய்ப் பிரிவிலிருந்து முன்பே கடிதம் வந்தும் நான் தள்ளிப்போடவில்லை.

அந்தக் கடிதத்தை அவள் மறந்தே போயிருந்தாள். அம்மா விழுவதற்கு இரண்டு நாள் முன்னால் எழுதியது.

“இது இப்படியே போகட்டும்,” என்றார் அவர். “எனக்கும் ராத்திரி தூக்கம் வரலம்மா.” உறையை அவரே ஒட்டினார்.

தாய்மீன்களைச் சோதித்ததில் இருநூற்றுப் பன்னிரண்டில் மூன்றுக்கு நோய் பதுங்கியிருந்தது. ஆனால் சோதனைக்குப் பிடிபடாமல் எத்தனை ஒளித்து வைத்திருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. விதி ஒன்றுதான். எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அந்த மூன்றுக்கும் எங்கிருந்து வந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை.

வெளியாட்களை வைத்துச் செய்யலாம் என்று இயக்குநர் சொல்லிப் பார்த்தார். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. என் மீனை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். மாதிரி எடுக்க நோய்ப் பிரிவிலிருந்து ஆள் வேண்டும், அதற்கு அக்கா போனாள்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். பெரிய தொட்டி ஒன்றில், மீனை மயக்கிக் கொல்லும் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீர். தம்பி வலைத்தொட்டிலில் ஒவ்வொரு மீனாக ஏந்தி வந்து அதில் இறக்குவான். மீன் ஒரு சுற்று சுற்றும், சாயும், செவுள் மூடி மெதுவாகும், நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து எடுத்து மேசைமேல் வைப்பான். அவள் செவுளைத் திறந்து ஒரு துண்டு வெட்டிக் குழாயில் போடுவாள், எண் எழுதுவாள். அவன் மீனைத் தூக்கிச் சாக்கு விரித்த பெட்டியில் வைப்பான். போட மாட்டான், வைப்பான். இருவருக்கும் நடுவில் எண்களைத் தவிர வேறு பேச்சே இல்லை. பொரிப்பகத்து ஆட்கள் ஒவ்வொருவராக ஏதோ வேலை இருப்பது போல வெளியே போய்விட்டார்கள். ஒவ்வொரு தொட்டியும் காலியானதும் அவன் போய் அதன் தண்ணீர்க் குழாயை மூடினான். மழைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

பிற்பகலில் ஒரு கிழட்டுப் பெண்மீனை ஏந்திக்கொண்டு வந்தவன், எண்ணெய்த் தொட்டியருகே வந்ததும் நின்றுவிட்டான். அதன் முதுகுத் துடுப்பில் ஒரு பழைய வெட்டு இருந்தது.

“இது முதல்ல பிடிச்ச பதினொண்ணுல ஒண்ணு,” என்றான். காலையிலிருந்து அவன் சொன்ன முதல் வாக்கியம் அது. “எல்லாம் முட்டை போட்டு முடிச்சதுக்கப்புறம்தான் இவ ஆரம்பிப்பா. எல்லாரும் இனிமே இல்லன்னு எழுந்திருச்சுப் போவாங்க. நான் மட்டும் உக்காந்திருப்பேன்.”

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து வலைத்தொட்டிலின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக அதைத் தண்ணீரில் இறக்கினார்கள். அது நிற்கும்வரை அவன் அதன் வயிற்றுக்கடியில் கை வைத்திருந்தான். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுக்கப் போனான்.

நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தபோது கூடத்தில் அப்படி ஓர் அமைதி. அவர்கள் காதுக்கு அது புதிதாக இருந்தது. தம்பி ஒரு காலித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அம்மா தம்பி வீட்டில்தான் இருந்தாள், கைத்தடி ஊன்றி நடந்துகொண்டு. பிள்ளைகள் இருவரும் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்துத் துருவித் துருவிக் கேட்டு, அந்தக் கையெழுத்து எந்த நாளில் போட்டது என்பதைக் கறந்துவிட்டாள்.

“என் எலும்பு ஒண்ணு முறிஞ்சதுக்கு ஏரியே படுத்துக்கிச்சா?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. “அன்னைக்கு நீ என்கூட இருந்ததுக்கு நான் வருத்தப்பட மாட்டேன். திரும்பி வந்ததுக்கப்புறம் ஏன் பாக்கல? அதுக்கு என்னைச் சாக்கு சொல்லாத.”

“சொல்லலம்மா,” என்றாள் மகள்.

அறிக்கை மேலிடத்துக்குப் போயிருந்தது. ஆனால் மீனவர்களுக்கு அது போய்ச் சேர மாதக் கணக்காகும், சேரும்போது யாருக்கும் புரியாத நடையில் இருக்கும். அதனால் அவள் தானே போனாள். வலை பின்னும் கொட்டகையில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். வலைகளெல்லாம் காய்ந்து தொங்கின. வைரஸ் ஏரிக்கு எப்படி வந்தது என்பதை அவள் நின்றபடியே சொன்னாள். நோய் எது, சோதனை எது, எதைச் செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்று சொன்னாள். பதினைந்து நிமிடம் ஆனது. நடுவில் யாரும் குறுக்கே பேசவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் படகுக்காரி எழுந்தாள். “அன்னைக்குக் குஞ்சு விடும்போது நாங்கெல்லாம் கரையில நின்னு கை தட்டினோமே. என் பொண்ணு ஒரு பாத்திரம் நிறைய வாங்கி அவ கையாலயே தண்ணியில விட்டாளே. அதுவா?”

“அதுல ஒரு தொட்டி.”

“அவ விட்டது எந்தத் தொட்டி?”

“தெரியாதும்மா. அதை யாரும் குறிச்சு வைக்கல.”

படகுக்காரி தலையை ஆட்டினாள். பிறகு வெளியே போனாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள். ஒருவரும் திட்டவில்லை. கடைசியாகப் போன முதியவர் ஒருவர் மட்டும், வந்து சொன்னதுக்குச் சரி என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

ஏரியில் இரண்டு வருடத்துக்கு மீன்பிடிக்கத் தடை வந்தது. மீனவர்கள் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போனார்கள். இயக்குநர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். செவுளக்காவிடமிருந்து சான்று தரும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அவளை ஏரி கண்காணிப்புக்கு மாற்றினார்கள். வாரம் இரண்டு நாள் படகில் போய்த் தண்ணீரின் சூடு, ஆக்சிஜன், கலங்கல் எல்லாம் அளக்க வேண்டும், சிப்பிகளை எண்ண வேண்டும். படகோட்ட ஆள் கேட்டு நிலையம் விளம்பரம் ஒட்டியபோது வந்தது படகுக்காரிதான். அவளுக்கும் வேலை வேண்டியிருந்தது. முதல் ஐந்து மாதம் அவள் இடம், வலம், போதும் என்ற மூன்று சொல்லுக்கு மேல் பேசவில்லை. செவுளக்காவும் பேசவைக்க முயலவில்லை. ஆறாம் மாதம் ஒரு நாள், ஆழமற்ற பக்கத்தில் துடுப்பை நிறுத்திவிட்டு, “கீழ பாருங்க,” என்றாள். மணலில் நகத்தளவு சிப்பிக் குஞ்சுகள் பாதி புதைந்து நின்றன. இருவரும் குனிந்து எண்ணினார்கள். பதினேழு. படகுக்காரி பதினெட்டு என்று சாதித்தாள். மறுபடி எண்ணினார்கள். பதினெட்டுதான்.

தம்பி பொரிப்பகத்துக்குத் திரும்பவில்லை. கூடத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சாவியைக் கொடுத்துவிட்டு, அவனும் கண்காணிப்புக்கு வலை போடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பழையபடி கலகலப்பாக இல்லை. ஆனால் வந்தான்.

இரண்டாம் வருட வெயில் காலத்தில், நாணல் ஓரம் போட்ட வலையில் நாற்பத்தோரு இளங்கெண்டைகள் அகப்பட்டன. யாரும் விடாத குஞ்சுகள். நோயில் பிழைத்த ஏதோ சில மீன்கள் தாமாக முட்டையிட்டிருக்கின்றன. தம்பி ஒன்றைக் கையில் எடுத்துச் செதில் வரிசையை எண்ணினான். ஏரியின் சொந்தச் சாதிதான். அவன் முகம் மாறியதை அக்கா பார்த்தாள். தொட்டிகள் காலியாகக் கிடக்கின்றன, சுத்தமாக இருக்கின்றன, இதிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கலாம் என்று அவன் நினைக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் அந்த நினைப்பு வந்தது.

“பிழைச்ச மீனோட குஞ்சு,” என்றாள். “அந்தத் தண்ணியிலயே வளர்ந்தது. உள்ளே இருக்கும்.”

“தெரியும்க்கா.”

“இனிமே இந்த ஏரியை விட்டு ஒரு மீனும் வெளிய போகக் கூடாது. எப்பவுமே.”

“தெரியும்னு சொன்னேன்ல.” அவன் கோபப்படவில்லை. “இங்கயே இருக்கட்டும். அதோட நோயோட அதுவே பழகிக்கட்டும். நாம எண்ணுவோம்.”

பத்து மீனின் செவுளில் நுனி மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். நீளமும் எடையும் குறித்தார்கள். பிறகு நாற்பத்தொன்றையும் பிடித்த அதே இடத்தில் இறக்கிவிட்டார்கள். படகுக்காரி துடுப்பை எடுத்தாள். அடுத்த வலை இருந்த முனைக்குப் போக இன்னும் அரை மணி நேரம் ஆகும். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்றாள்.